புர்வாலுக்கு வராத தம்பி

சட்டன், இலண்டன்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இனியும் இருப்பதாக இல்லை. உங்கள் சுகத்தையும் அத்தானின் சுகத்தையும் முறைப்படி விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நானும் சிவரூபினியும் சுகம்.

போன சனிக்கிழமை வெம்பிளியில் நம் பெரியப்பாவின் மகன் றஜீவின் கடைக்குப் போயிருந்தேன். முருங்கைக்காயை நிறுத்தபடியே, நாலு பேர் நிற்கத்தக்கதாக, அவன் கேட்கிறான்: "என்ன குலமண்ணை, சொந்த மருமகளின்ரை கலியாணத்துக்கே போகேல்லையாம். அக்கா சொல்லிக் கவலைப்பட்டவ."

நீங்கள் கவலைப்பட்டீர்களாம். நான் முருங்கைக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 2023 ஆகஸ்டில் உங்கள் மகள் ஜதுர்ஷிகாவுக்குப் பாரிசில் கலியாணம். அதற்கு முந்திய மாதம் அத்தான் அழைப்பிதழ் கொடுக்க இலண்டனுக்கு வந்தார். வெம்பிளியில் வீடு வீடாக ஏறினார். கிழக்கு இலண்டனில் பார்க்கிங் பகுதியிலும் ஏறினார். றஜீவின் மச்சானின் அண்ணர் வீட்டுக்குக்கூடப் போனார். சட்டனுக்கு மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை. எனக்கு வட்சப்பில் ஒரு படம் வந்தது.

எங்கள் ஆட்களிடம் கலியாணத்துக்குச் சொல்வது என்றால் என்ன என்பதை நான் உங்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. நேரே வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் முன்னால் அட்டையைக் கொடுத்து "கட்டாயம் வந்திட வேணும்" என்று சொன்னால்தான் அது சொன்னது. வட்சப்பில் வருவது கடை விளம்பரம். நான் தூரத்துச் சொந்தக்காரன் இல்லை. தாய்மாமன். அந்தப் பிள்ளை பெரியபிள்ளையானபோது, சாமத்தியச் சடங்கில் தலைக்குத் தண்ணீர் வார்த்தவன்.

உங்கள் இலக்கத்தை என் போனில் தடுத்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் வைத்துவிடுவேன், கேள்வி அப்படியே நிற்கும். ஆகவே காகிதத்தில் கேட்கிறேன், காகிதத்தில் பதில் தாருங்கள். அத்தான் ஏன் சட்டனுக்கு வரவில்லை?

சிவரூபினி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
தம்பி குலசேகரம்


லா கூர்நெவ், பிரான்ஸ்
23 பெப்ரவரி 2025

என்ரை தம்பி குலத்துக்கு,

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு உன் எழுத்தைக் கண்டேன். திட்டித்தான் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. அத்தான் கடிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லைக் கடிச்சுக்கொண்டு எழுதியிருக்கிறான், பேனை பின்பக்கத்தாலை வந்திட்டுது" என்றார். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று மாதா மாதம் சதுர்த்திக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்கிறேன். அதையும் குற்றமாக எடுக்காதே.

நீ கேட்டதற்குக் காகிதத்தில் பதில் எழுத எனக்குக் கை வராது. அதை நேரேதான் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு வேலை செய்.

என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஊசி போட்டுப் பார்த்த டொக்டர் இப்போது மூன்று கிழமை தண்ணீரில் இருக்கச் சொல்லி எழுதித் தந்திருக்கிறார். சிரிக்காதே, இந்த நாட்டில் அதுவும் மருந்துதான். பிரான்சின் நடுப்பகுதியில், மலைகளுக்கிடையில் புர்வால் என்று ஒரு சின்ன ஊர். நிலத்துக்குக் கீழிருந்து சுடுதண்ணீர் வருகிறதாம். அதில் குளித்து, அதைக் குடித்து, அதன் சேற்றைப் பூசினால் முட்டுவாதம் குறையுமாம். "திருகோணமலைக் கன்னியாச் சுடுகிணத்துக்குப் போறதுக்குப் பதிலா இஞ்சையோ" என்று அத்தான் கேட்கிறார்.

மே மாதம் போகிறேன். கடைசிக் கிழமைக்கு நீ வா. அத்தான் வரமாட்டார், அவருக்கு வேலை. உனக்கு அறை எடுத்து வைக்கிறேன். நீ கேட்டதற்கு அங்கே பதில் சொல்கிறேன்.

சிவரூபினி கேட்டதாக எழுதியிருந்தாய். நானும் கேட்டதாகச் சொல். அவள் சுகம் என்று நீ எழுதிய வரியை அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
சந்திரவதனா


சட்டன்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் நிலை அறிந்து வருந்துகிறேன். இங்கே இருவரும் சுகம்.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு நீங்கள் ஒரு ஊரின் பெயரை அனுப்பியிருக்கிறீர்கள். நம் குடும்பத்தில் இது பழைய பழக்கம். எதைக் கேட்டாலும் முதலில் இருக்கச் சொல்லுவார்கள், பிறகு தேத்தண்ணி தருவார்கள், கேட்டவன் கேட்டதை மறந்துவிட வேண்டும்.

நான் மறப்பதில்லை. கோயில் நிர்வாக சபையில் என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்தார்கள், அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. பழைய மாணவர் சங்க மலரில் என் கட்டுரையை வெட்டி, மிச்ச இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் போட்டார்கள், அங்கேயும் போவதில்லை. சிவரூபினியின் தங்கை தன் புது வீட்டுக் குடிபூரலுக்கு எங்களைக் கடைசி ஆளாகத்தான் கூப்பிட்டாள். அதற்கும் போகவில்லை, பிறகு அந்த வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கும் போகவில்லை. மரியாதை என்பது ஒருமுறை விட்டுக்கொடுத்தால் பிறகு எவரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

சுடுதண்ணீர் பற்றி. கன்னியாவுக்கு நம்மவர்கள் போவது செத்தவர்களுக்குக் கடமை செய்ய. உயிரோடு இருப்பவர்கள் மூன்று கிழமை வெந்நீரில் ஊறி என்ன கண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சிவரூபினிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது, லீவு கிடைக்காது. முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்கிறாள்.

வருவதாக வாக்குத் தரமாட்டேன்.

இப்படிக்கு,
குலசேகரம்


புர்வால்
7 மே 2025

தம்பி,

வந்து சேர்ந்துவிட்டேன், சுகம். நீயும் சுகம்தானே? இங்கே வெயில் நல்லது, காற்று குளிர்.

இந்த ஊரை நீ ஒருதரம் பார்க்க வேண்டும். ஒரு தெரு, ஒரு தேவாலயம், நடுவில் பெரிய அரண்மனை மாதிரி ஒரு குளியல் கட்டிடம். காலையில் ஹோட்டல்களிலிருந்து கிழடுகட்டைகள் எல்லாம் வெள்ளை அங்கியும் செருப்பும் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கின்றன. முதல் நாள் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நானும் அப்படித்தான் நடக்கிறேன். வெட்கம் போய்விட்டது.

கறுத்தச் சேற்றைச் சூட்டோடு முழங்காலில் அப்பி, பொலித்தீனால் சுற்றிப் படுக்க வைக்கிறார்கள். நான் நித்திரையாகிக் குறட்டை விட்டேனாம். பிறகு ஒரு தடாகத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும், வீதி சுற்றுகிற மாதிரி. சாமிதான் இல்லை. கடைசியில் குடிக்கிற தண்ணீர். ஆளுக்கொரு கிளாஸ், அதைச் சின்னப் பிரம்புக் கூடையில் வைத்துத் தோளில் கொழுவிக்கொண்டு திரிகிறார்கள். கூழ்முட்டையையும் துருப்பிடித்த ஆணியையும் சேர்த்துக் காய்ச்சினால் என்ன ருசியோ, அந்த ருசி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பிரெஞ்சு மனுஷி, இது அவவுக்குப் பதினோராவது வருடமாம். "கால் சுகமாயிட்டுதோ" என்று கேட்டேன். "இல்லை, ஆனா இங்கை ஆக்களோடை கதைக்கலாம்" என்றா. எனக்கு அது பிடித்துக்கொண்டது.

நான் தனியாக இருக்கிறேன் என்று யோசிக்காதே. துணைக்கு ஆள் உண்டு. நல்லவள். சேறு கழுவினதும் என் காலைத் துடைத்துச் செருப்பும் போட்டுவிடுகிறாள். உன் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். நல்லெண்ணெய் வருகிற இடத்தில் சிரித்தாள். பிறகு எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டாள்.

நீ கட்டாயம் வா. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள். கிளெர்மோனிலிருந்து மத்தியானம் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். 24ஆம் தேதி சனிக்கிழமை நான் தரிப்பிடத்துக்கு வந்து நிற்பேன்.

அக்கா


சட்டன்
13 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

குடும்ப விஷயங்கள் எழுதிய கடிதத்தை வேலைக்காரப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவது அழகல்ல. இருந்தாலும் வருகிறேன். சுடுதண்ணீருக்கு அல்ல, பதிலுக்கு. சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் இறங்குவேன். ஞாயிறு திரும்பிவிடுவேன். அத்தான் அங்கே நிற்கக்கூடாது.

சிவரூபினிக்கு லீவு கிடைக்கவில்லை. அவளும் வர விரும்பினாள்.

குலசேகரம்


புர்வால்
25 மே 2025

தம்பி,

நேற்று மத்தியான பஸ் வந்தது. பின்னேர பஸ்ஸும் வந்தது. உனக்கு எடுத்த அறையின் சாவியை இன்று காலை திருப்பிக் கொடுத்தேன். சுகமில்லாமல் ஏதும் வந்துவிட்டதோ? ஒரு வரி எழுது.

அக்கா


சட்டன்
1 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதியதற்கு நன்றி. எனக்குச் சுகக்குறைவு ஒன்றுமில்லை, பிரெஞ்சுக்காரருக்குத்தான். பாரிசில் இறங்கி, கிளெர்மோன் போகும் ரயில் புறப்படுகிற பெர்சி நிலையத்துக்குப் போனால், வேலைநிறுத்தமாம். பலகையில் எல்லா ரயிலுக்கும் நேரே ஒரே சொல். கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். ஒரு பகலை அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்து கழித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது. இனி நேரே கேட்கச் சந்தர்ப்பம் வராது போல் தெரிகிறது. ஆகவே எழுத்தில் பதில் தர முயலுங்கள்.

இங்கு நாங்கள் இருவரும் நலம்.

குலசேகரம்


பார்க்கிங்
15 ஜூன் 2025

வணக்கம்.

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே புதினமாக இருக்கிறது.

புர்வாலில் உங்களைக் கண்டேன்.

அக்காவுக்குத் துணையாகப் போனது நான்தான். அவ கேட்டா, எனக்கு ஆண்டு லீவு நிறையக் கிடந்தது. நீங்கள் வருகிற செய்தி வந்தபோது நான் திரும்பிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். "நில்லு, அவனுக்கு நான் சொல்ல வேண்டியது உன்னைப் பற்றினது, நீயும் நிக்க வேணும்" என்று மறித்துவிட்டா.

அன்றைக்கு அக்காவுக்கு வைத்தியம் முடியப் பிந்திவிட்டது. உடுப்பு மாற்ற நேரமில்லாமல் இரண்டு பேரும் அந்த வெள்ளை அங்கியோடேயே தரிப்பிடத்துக்கு ஓடி வந்தோம். அக்கா வழி முழுக்க யாரோ ஒரு கிழவனின் குறட்டையை நடித்துக் காட்டிக்கொண்டு வந்தா. நான் சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் நின்றேன். நிமிர்ந்தபோது நீங்கள் மரத்துக்குக் கீழே நின்றீர்கள், மே மாத வெயிலில் அந்தச் சாம்பல் ஓவர்கோட்டோடு. என்னைப் பார்த்தீர்கள். பிறகு திரும்பி நின்று பஸ் நேர அட்டவணையை வாசிக்கத் தொடங்கினீர்கள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது.

அக்கா உங்களைக் காணவில்லை. நீங்கள் மனதைச் சரிப்படுத்திக்கொள்ள நேரம் கிடைக்கட்டும் என்றுதான், தண்ணி வாங்க வேணும் என்று சொல்லி அவவைக் கடைக்குள் கூட்டிப்போனேன். வெளியே வந்தபோது பஸ்ஸும் இல்லை, நீங்களும் இல்லை. அக்கா பின்னேர பஸ்ஸுக்கும் போய் நின்றா. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டே நானும் பக்கத்தில் நின்றேன்.

வேலைநிறுத்தம் என்று எழுதினீர்களாம். அக்கா போனில் வாசித்தா. உங்களைக் கண்டதை நான் அவவுக்குச் சொல்லவில்லை.

சட்டன் வீட்டை விட்டு வந்து இரண்டு வருடமாகிவிட்டது. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிற அந்தச் சிவரூபினி அங்கே சுகமாக இருக்கிறாள், ஷிப்டுக்குப் போகிறாள், நல்லெண்ணெய் பூசச் சொல்கிறாள். கேட்கச் சந்தோஷம். எனக்கு நல்லெண்ணெய் மணமே பிடிக்காது என்பது உங்களுக்கு மறந்துவிட்டது.

திரும்பி வருவதற்காகவோ வராமல் விடுவதற்காகவோ இதை எழுதவில்லை. கண்டேன் என்பதைச் சொல்லத்தான். என்னோடு வேலை செய்கிற கிளறிற்றாவின் வீட்டு மேல்மாடியில் இருக்கிறேன். விலாசம் உறையில் உண்டு.

சிவரூபினி


சட்டன்
19 ஜூன் 2025

அக்கா,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

புர்வாலுக்கு நான் வந்தேன். வேலைநிறுத்தம் ஒன்றுமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினேன், பார்த்தேன், அதே பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர்கூட என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வேலைக்காரப் பெண் என்று நான் எழுதிய வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருப்பீர்கள். "அவளும் வர விரும்பினாள்" என்று எழுதியதையும் காட்டியிருப்பீர்கள். இரண்டு பேரும் சேற்றைப் பூசிக்கொண்டு என் கடிதங்களை வைத்துப் பொழுதுபோக்கியிருக்கிறீர்கள். என்னைப் பதில் தருவதாகக் கூப்பிட்டு, நடுத்தெருவில் நிறுத்தினீர்கள்.

எவ்வளவு காலமாகத் தெரியும்? வெம்பிளியில் யார் யாருக்குத் தெரியும்? றஜீவ் அன்றைக்கு முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டு கேட்டது தெரிந்து கேட்டதா?

பதில் வேண்டாம். இனி எழுத வேண்டாம்.

கு.


லா கூர்நெவ்
14 செப்டெம்பர் 2025

என் தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். கோடை முழுக்க உன் சொல்லுக் கேட்டேன், இனிக் கேட்க முடியாது. முதலில் நல்ல செய்தி. ஜதுர்ஷிகாவுக்குப் போன கிழமை பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் சுகம். நீ பேத்தி கண்டுவிட்டாய்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். கை வராவிட்டாலும் எழுதுகிறேன்.

அத்தான் சட்டனுக்கு வந்தார். நானும் வந்தேன். ரூபினி உன்னை விட்டுப் போய் அப்போது இரண்டு மூன்று மாதம். எங்களுக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் தெரியும் தம்பி. உனக்கு முன்னால் ஒருத்தரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். "திரு. திருமதி குலசேகரம்" என்று அட்டையில் எழுதி, குங்குமச் சிமிழும் மடியில் வைத்துக்கொண்டு, உன் வீட்டுக்கு எதிரே காருக்குள் இருந்தோம். அத்தான் இறங்கவில்லை. "புருஷன் பெண்சாதி ரெண்டுபேருக்கும் முன்னாலை சொல்ல வேணும். கதவைத் தட்டினா அவன் தனிய வந்து நிப்பான். ரூபினி எங்கையெண்டு கேக்கவும் ஏலாது, கேக்காமல் விடவும் ஏலாது. பொய் சொல்ல வைக்கிறதோ அவனை?" என்றார்.

உன் முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. நீ நல்ல சட்டை ஒன்றை அயன் பண்ணிக்கொண்டு நின்றாய். நாங்கள் இலண்டனில் நிற்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்தபிறகு எனக்கு இறங்கக் கால் வரவில்லை. "காரைத் திருப்புங்கோ" என்று சொன்னது நான். அத்தானைத் திட்டாதே.

வட்சப்பில் உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று அனுப்பினோம். இரண்டு பேருக்கும் மானம் போகாமல் செய்துவிட்டோம் என்று அன்றைக்குப் பெரிய கெட்டித்தனமாக நினைத்தோம். அவள் கலியாணத்துக்கு வந்தாள். வீடியோவில் அவளைக் கண்டு நீ நோகக்கூடாது என்று கமராக்காரனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ரூபினியும் ஒவ்வொருமுறை கமரா திரும்பும்போதும் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஏன் போனாள் என்று நீ என்னைக் கேட்டதில்லை. நான் அவளைக் கேட்டேன், புர்வாலில், அந்தத் தடாகத்தில் சுற்றி நடக்கும்போது. "அவர் அடிச்சதில்லை மச்சாள், குடிச்சதில்லை, ஒரு கூடாத சொல்லுச் சொன்னதில்லை. ஆனா ஒவ்வொரு வீடா மூடிக்கொண்டு வந்தார். கடைசியா என்ரை தங்கச்சி வீடு. எனக்குப் போறதுக்கு வீடில்லாமப் போச்சுது" என்றாள். உன்னைப் பகிடி பண்ண நாங்கள் உன் கடிதங்களை வாசிக்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு நாளும் "உங்கடை தம்பியின்ரை கடிதம் வந்ததோ" என்று கேட்டாள்.

பிள்ளைக்கு ஒக்டோபர் கடைசியில் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுகிறோம். அதற்கு முந்தி, இரண்டாவது ஞாயிறு, நானும் அத்தானும் இலண்டனுக்குச் சொல்ல வருகிறோம். இந்தமுறை ஒரு வீட்டையும் விடமாட்டோம். ஆனால் உன் வாயால் ஒன்று சொல்ல வேண்டும். திருவும் திருமதியும் ஒரே அட்டையில் சட்டனுக்கோ? இல்லாவிட்டால் ஒன்று சட்டனுக்கு, ஒன்று பார்க்கிங்குக்கோ? நீ சொல்லாமல் நாங்களாக முடிவெடுத்த வினையைப் பார். மறுபடியும் வட்சப்பில் அனுப்பமாட்டேன். பதில் வராவிட்டால் சட்டனுக்கு வரவேமாட்டோம், பிறகு நமக்குள் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். எனக்கு அறுபத்தைந்து வயது.

அக்கா


சட்டன்
6 ஒக்டோபர் 2025

சிவரூபினிக்கு,

உமது கடிதம் ஜூனில் கிடைத்தது. இத்தனை மாதம் பதில் போடாதது மறதியால் அல்ல. உமது சுகத்தை விசாரிக்கிறேன். இந்தமுறை அதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறேன். கிளறிற்றாவின் வீட்டில் ஹீட்டர் சரியாக வேலை செய்கிறதா? உமக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.

அக்கா செய்தது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. அத்தான் செய்தது அதைவிட. வாசல் வரைக்கும் வந்தவர்கள் தட்டியிருக்க வேண்டும். நான் பொய் சொல்லியிருப்பேன், தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பேன், அவர்கள் நம்பியதுபோல் குடித்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தெரியாததா? எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை இரண்டு வருடம் நான் ஒருவன் மட்டும் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். கடையிலும் ரயிலிலும் என்னோடு பேசியவர்கள் எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டுதான் உம்முடைய சுகத்தை விசாரித்திருக்கிறார்கள்.

போவதற்கு வீடில்லாமல் போனது என்று நீர் சொன்னதாக அக்கா எழுதியிருந்தா. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். உமது தங்கை உட்பட எல்லோரும் பிழை விட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் எவரும் உமக்குப் பிழை விடவில்லை, எனக்குத்தான் விட்டார்கள் என்பதை நான் கவனித்ததில்லை. அது தனிக் கணக்கு. அதைப் பற்றி இப்போது எழுத எனக்குப் பொறுமை இல்லை.

புர்வாலில் நான் ஏன் திரும்பினேன் என்று நீர் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உம்மைக் கண்ட அதிர்ச்சியில் அல்ல. நீர் சிரித்தீர். தெருவில், அங்கியோடு, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன். எனக்கு நினைவு வரவில்லை. நான் கிட்ட வந்தால் அது நின்றுவிடும் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குள் ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கிவிட்டான்.

அக்காவுக்குப் போன கிழமை பதில் போட்டுவிட்டேன். ஒரே வரி. அதை எழுதப் பல நாள் மேசையில் இருந்தேன். "பார்க்கிங்குக்கும் போங்கள்" என்று எழுதினேன். ஆகவே வருகிற ஞாயிறு அவர்கள் முதலில் இங்கே வருவார்கள், பிறகு உம்மிடம் வருவார்கள். தனி அட்டையில் உமது பெயர் இருக்கும். அதைப் பார்த்து நீர் மனம் நோக வேண்டாம். நோகாமல் சந்தோஷப்படவும் கூடும், அதையும் நான் தடுக்க முடியாது.

தொட்டில் வைபவத்துக்கு நான் போகிறேன். நீரும் வாரும். நான் வருவதால் நீர் தூணுக்குப் பின்னால் போக வேண்டியதில்லை. றஜீவோ வேறு யாருமோ ஏதேனும் கேட்டால் நான் பதில் சொல்கிறேன், என்ன சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியாது. பொய்யாக இராது. உமக்கு விருப்பமென்றால் சென் பாங்க்றாஸ் நிலையத்திலிருந்து பாரிசுக்கு ஒரே ரயிலில் போகலாம். விருப்பமில்லாவிட்டால் வேறு ரயில்கள் உண்டு. தங்கச்சி வீட்டுக்கு நீர் போய்வருவதாக அறிந்தேன். என்னைக் கேட்டதாகச் சொல்லும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எழுதி முடித்துவிட்டேன், கீழே என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை. உமது கணவன் என்று போட்டால் உம்மிடம் எதையோ உரிமையோடு கேட்பதாகிவிடும். வெறுமனே குலசேகரம் என்று போட்டால், நான் வேலை செய்கிற கவுன்சில் கந்தோரிலிருந்து நாள் முழுக்க அனுப்புகிற கடிதங்களில் இதுவும் ஒன்றாகிவிடும். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன், அதற்காகக் கடைசித் தாளை இரண்டு தரம் மாற்றினேன். நான் உமக்கு யார் என்பதை இனி நான் தீர்மானிக்க முடியாது. அதை நீர்தான் சொல்ல வேண்டும், சொல்லாமலும் விடலாம். மழை விட்டிருக்கிறது. சந்தித் தபால்பெட்டியை எடுக்க இன்னும் ஆள் வரவில்லை. பெயர் போடாமலே இதைப் போட்டுவிடப் போகிறேன்.